லூயிஸ் ஓட்டோ குங்கெல்

லூயிஸ் ஓட்டோ குங்கெல் (மே 7, 1884 - மார்ச் 20, 1960) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தாவர நோயியலாளர் ஆவார். பயிர்களுக்கு நோயைக் கடத்தும் தத்துப்பூச்சிகளின் உடலினுள் நோய்க்காரணி எவ்வாறு வாழ்கிறது என்பதையும், சூழலின் வெப்பநிலை அதனை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் சோதனை வழியே காட்டிய முன்னோடிகளுள் இவர் ஒருவர். ஆஸ்டர் மஞ்சள் நோய், பீச் மஞ்சள் நோய், மக்காச்சோளக் குட்டை நோய் ஆகியவை பற்றிய இவரது ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. இந்நோய்களை உண்டாக்குபவை வைரஸ்கள் என்று அக்காலத்து அறிவியலாளர்கள் கருதினர். குங்கெலும் அவ்வாறே கருதினார். அவை செல்சுவர் இல்லாத பாக்டீரியாக்கள் என்பது அவரது மறைவுக்குப் பின்னரே தெரியவந்தது. அவற்றுள் ஒன்றான ஸ்பைரோபிளாஸ்மா குங்கெலீ இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

இளமையும் கல்வியும்

குங்கெல் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மெக்சிகோ என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1914இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவர் ஆராய்ந்தது பூச்சிகளையன்று. மொனிலியா சைட்டோபிலா என்னும் பூஞ்சையை. கனிம உப்புகளின் நச்சுத்தன்மை எந்தெந்தப் புறக்காரணிகளால் கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை அப்பூஞ்சையில் சோதித்தார். நுண்ணுயிரியைத் தனியாகப் பாராமல் அது வாழும் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் போக்கு அவரது பிற்கால ஆய்வுகளிலும் தொடர்ந்து காணப்படுகிறது.

பின்னர் ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றினார். அந்நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த உருளைக்கிழங்கு மரு நோய் பற்றி அவர் எழுதிய அறிக்கையை 1919இல் அத்துறை வெளியிட்டது.

ஹவாய்த் தீவுகளில்

1920இல் ஹவாய் கரும்புத் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் ஆய்வு நிலையத்தில் குங்கெல் பொறுப்பேற்றார். அங்கு மக்காச்சோளத்தையும் கரும்பையும் தாக்கும் நோய்களை ஆராய்ந்தார். மக்காச்சோள இலைகளில் மஞ்சள் கோடுகளைத் தோற்றுவிக்கும் நோயை, பெரெகிரினஸ் மெய்டிஸ் என்னும் சாறுறிஞ்சும் பூச்சி பரப்புகிறது என்று 1922இல் அறிவித்தார். இது நெற்பயிரில் காணப்படும் புகையானுக்கு உறவான பூச்சியாகும். நோயுற்ற செல்களின் உள்ளே காணப்படும் விந்தையான உருண்டைகளை நுண்ணோக்கியின் வழியாக ஆராய்ந்து, அவை நோய்க்காரணியாக இருக்கக்கூடுமோ என்றும் தேடினார். நுண்ணோக்கியில் தென்படாத ஒன்றை அது கடந்து செல்லும் பூச்சியைக் கொண்டே அளக்க முடியும் என்னும் அணுகுமுறை இக்காலத்தில் உருவானது எனலாம்.

ஆஸ்டர் மஞ்சள் நோய்

1923இல் குங்கெல் நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் அமைக்கப்பட்டு வந்த பாய்ஸ் தாம்சன் தாவர ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் எடுத்துக்கொண்டது ஆஸ்டர் மஞ்சள் நோய். சீன ஆஸ்டர் என்பது மலர் வணிகத்திற்காகப் பெருமளவில் பயிரிடப்பட்ட செடியாகும். இந்நோய் கண்ட செடியின் இலைகள் வெளிறும். பக்கக் கிளைகள் ஒல்லியாகவும் கொத்தாகவும் கிளைக்கும். பூக்கள் நிறமிழந்து பச்சையாகும். அவ்வாறான பூவை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் விவசாயிக்கு அது முழு இழப்பாகும்.

இந்நோயை ஆறு புள்ளித் தத்துப்பூச்சி கடத்துகிறது என்பதை குங்கெல் 1926இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் நிறுவினார். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இப்பூச்சி அப்போது சிகடூலா செக்ஸ்நோட்டாட்டா என்று அழைக்கப்பட்டது. இன்று அதன் அறிவியற் பெயர் மேக்ரோஸ்டீலஸ் குவாட்ரிலினியேட்டஸ் ஆகும். நோய்க்காரணி ஆஸ்டரை மட்டுமன்றி, பல குடும்பங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட தாவரச் சிற்றினங்களைத் தாக்கவல்லது என்பதும் இவரது ஆய்வுகளால் தெரியவந்தது. எனவே வயலோரத்துக் களைகளும் நோயின் இருப்பிடமாகும் என்பது விளங்கியது.

இந்த ஆய்வின் முக்கிய முடிவுகள் வருமாறு:

நோயுற்ற செடியில் சாறுறிஞ்சிய பூச்சி உடனே நோயைப் பரப்புவதில்லை. ஏறத்தாழ 10 நாட்கள் அல்லது அதற்கும் மேலான இடைவெளிக்குப் பின்னரே அது நோய் கடத்தும் திறனைப் பெறுகிறது.

அவ்வாறு திறன் பெற்ற பூச்சி, மீண்டும் நோயுற்ற செடியை நாடாமலேயே நெடுங்காலம் நோயைப் பரப்புகிறது.

நோய்க்காரணி முட்டைகளின் வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி நோயற்றதாகவே இருக்கிறது.

பூச்சியின் வாயில் ஒட்டிக்கொண்டு செல்லும் அழுக்கைப் போன்றதாக நோய்க்காரணி இருந்திருந்தால் இவ்வளவு நாட்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் அது பூச்சியின் உடலுக்குள் ஏதோ ஒரு பயணத்தை மேற்கொள்கிறது, ஒருவேளை பெருகவும் செய்கிறது என்ற எண்ணத்திற்கு இம்முடிவுகள் இடமளித்தன. செடியின் நோய் பூச்சியின் உடலிலும் வாழ முடியும் என்பதை அன்று பலர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜப்பானில் தெய்கிச்சி புகுஷி, நெல் குட்டை நோயின் வைரஸ் பூச்சியின் முட்டை வழியாகப் பல தலைமுறைகளுக்குக் கடத்தப்படுவதை 1930களில் காட்டினார். ஆஸ்டர் நோய் முட்டை வழியாகச் செல்லாததால் அதற்கு வேறு வகையான சான்று தேவைப்பட்டது.

விவசாயிகளுக்கான வழிமுறைகளிலும் குங்கெல் கவனம் செலுத்தினார். இத்தத்துப்பூச்சிகள் பெரும்பாலும் தாழ்வாகவே பறப்பவை என்பதால், மலர்ப் பாத்திகளைச் சுற்றிக் கம்பிவலை வேலி அமைத்து நோயைக் குறைக்கும் முறையை அவர் சோதித்து 1929இல் வெளியிட்டார்.

பீச் மஞ்சள் நோய்

பீச் மஞ்சள் நோய் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிலடெல்பியா பகுதியில் அறியப்பட்டிருந்தது. காய்கள் காலத்துக்கு முன்பே பழுத்துச் சுவையிழப்பதும், மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போவதும் இதன் அறிகுறிகள். நோயுற்ற மரங்களை வெட்டி அழிக்க வேண்டும் என்று மிச்சிகன் மாநிலம் 1875இல் சட்டமே இயற்றியது. எர்வின் ஸ்மித் என்ற புகழ்பெற்ற தாவரப் பாக்டீரியவியலாளர் 1880களில் இந்நோய் மொட்டு ஒட்டுதலின் மூலம் தொற்றுவதைக் காட்டினார். ஆயினும் நோய்க்காரணியை அவரால் கண்டறிய இயலவில்லை. வயலில் மரத்துக்கு மரம் அது எவ்வாறு பரவுகிறது என்பது மேலும் பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

1933இல் குங்கெல் அப்புதிரை விடுவித்தார். பிளம் மரங்களில் வாழும் மேக்ரோப்சிஸ் டிரைமாகுலேட்டா என்னும் தத்துப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று சோதனையால் காட்டினார்.

வெப்பச் சோதனைகள்

குங்கெலின் ஆய்வுகளில் மிகவும் அறியப்பட்டவை வெப்பச் சோதனைகளாகும். தாவர நோயை வெப்பத்தால் நீக்கும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. ஜாவாவில் கரும்பின் செரே நோயைத் தடுக்க விதைக்கரணைகளை வெந்நீரில் அமிழ்த்தும் முறை 1920களிலேயே கையாளப்பட்டது. குங்கெல் அதனை நோய்க்காரணியின் இயல்பை அறியும் கருவியாக மாற்றினார்.

பீச் மஞ்சள் நோய் கண்ட மரங்களை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் சில வாரங்கள் வைத்தால் அவை நலமடைந்தன. உறங்குநிலையில் உள்ள இளமரங்களை 50 பாகை வெந்நீரில் சுமார் 10 நிமிடங்கள் அமிழ்த்தினாலும் அதே பலன் கிடைத்தது. இவற்றை அவர் 1936இல் வெளியிட்டார். வெட்டி எரிப்பது ஒன்றே வழி என்று சட்டம் கூறிய நோய்க்கு, மரத்தைக் காப்பாற்றக்கூடிய சிகிச்சை கிடைத்தது. முழுத் தோப்பையும் சூடேற்ற முடியாது என்றாலும், நோயற்ற நாற்றுகளையும் ஒட்டுக்குச்சிகளையும் உருவாக்க இது உதவியது.

அடுத்து அவர் செடியை விட்டுப் பூச்சியைச் சூடாக்கினார். ஆஸ்டர் மஞ்சள் நோயைக் கடத்தும் திறன் பெற்ற தத்துப்பூச்சிகளை ஏறத்தாழ 36 பாகை வெப்பநிலையில் வெவ்வேறு கால அளவுகளுக்கு வைத்து, பின்னர் அவற்றை நலமான செடிகளில் விட்டுப் பார்த்தார். இச்சோதனைகளின் முடிவுகள் 1937இல் வெளியாயின.

குறுகிய காலம் வெப்பத்தில் இருந்த பூச்சிகள் நோய் கடத்தும் திறனைத் தற்காலிகமாக இழந்தன. வழக்கமான வெப்பநிலைக்குத் திரும்பிய பின்னர் அத்திறன் அவற்றுக்கு மீண்டது. வெப்பத்தில் இருந்த நாட்கள் கூடக்கூட, திறன் மீள்வதற்கு எடுத்துக்கொண்ட காலமும் கூடியது. ஏறத்தாழ 12 நாட்கள் வெப்பத்தில் இருந்த பூச்சிகள் அத்திறனை நிலையாக இழந்தன. பூச்சிகள் இறக்கவில்லை, அவற்றினுள் இருந்த நோய்க்காரணி மட்டுமே அழிந்தது.

இம்முடிவுகளின் பொருள் ஆழமானது. வெப்பம் நோய்க்காரணியின் பெரும்பகுதியை அழித்து, எஞ்சியது மீண்டும் பெருகித் தேவையான அளவை எட்டுவதற்குக் காலம் பிடிக்கிறது என்று கொண்டால் மட்டுமே, அளவோடு கூடிக்கொண்டே செல்லும் இந்தத் தாமதத்தை எளிதாக விளக்க முடியும். ஆகவே நோய்க்காரணி பூச்சியினுள் பெருகுகிறது என்ற கருத்துக்கு இச்சோதனை வலுவூட்டியது. மேலும், பூச்சிக்குத் தனக்கென நிலையான உடல் வெப்பநிலை கிடையாது. வெளிக்காற்றின் வெப்பமே அதன் உடலின் வெப்பமாகிறது. எனவே கோடையின் வெயில் பூச்சியின் உடல் வழியாக அதனுள் வாழும் நுண்ணுயிரியை நேரடியாகச் சென்றடைகிறது. பூச்சிகள் எத்தனை உள்ளன என்பதை மட்டுமன்றி, அவை எத்தகைய வெப்பத்தில் வாழ்ந்தன என்பதையும் கொண்டே ஓர் ஆண்டின் நோய்த்தாக்கம் அமையும் என்பது இதனால் விளங்கியது.

1941இல் அவர் நோயுற்ற நித்தியகல்யாணிச் செடிகளை 38 முதல் 42 பாகை வெப்பத்தில் இரண்டு வாரங்கள் வைத்து நலமாக்கியதை வெளியிட்டார். அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் கொடியைப் பாலமாகக் கொண்டு, மரங்களின் நோயை எளிதில் வளர்க்கக்கூடிய சிறு செடிகளுக்கு மாற்றி ஆராயும் முறையையும் பயன்படுத்தினார். உருளைக்கிழங்கின் துடைப்ப நோயை இம்முறையால் கடத்தி, வெப்பத்தால் நீக்கியதை 1943இல் அறிவித்தார்.

பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடம்

ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனம் நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில் தாவர நோயியல் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது அதன் தலைவராக குங்கெல் பொறுப்பேற்றார். 1932 முதல் இப்பிரிவு செயற்பட்டது. புகையிலை மொசைக் வைரசை இலையிலுள்ள புண்களின் எண்ணிக்கையால் அளக்கும் முறையை உருவாக்கிய பிரான்சிஸ் ஹோம்ஸ், வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி, பூச்சிகளினுள் நோய்க்காரணியின் பெருக்கத்தை ஆராய்ந்த லிண்ட்சே பிளாக் முதலியோர் இங்குப் பணியாற்றினர். ஸ்டான்லி 1935இல் புகையிலை மொசைக் வைரசைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1946இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரே கூரையின் கீழ் நடந்த இவ்விரு ஆய்வுகளும் இருவேறு உயிர்ப்பொருட்களைப் பற்றியவை என்பது அன்று யாருக்கும் தெரியாது. புகையிலை மொசைக் நோயின் காரணி உண்மையான வைரஸ். ஆஸ்டர் மஞ்சள் நோயின் காரணி அவ்வாறானதன்று. நுண்ணிய வடிகட்டியைக் கடந்து செல்வதும், ஆய்வகத்தில் வளர்க்க முடியாததும், ஒளி நுண்ணோக்கியில் தென்படாததுமான அனைத்தும் வைரஸ் என்றே அக்காலத்தில் வகைப்படுத்தப்பட்டன.

பூச்சியினுள் பெருக்கம் நடைபெறுகிறது என்பதற்கான நேரடிச் சான்றை, அதே நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் மாராமோரோஷ் 1952இல் வெளியிட்டார். நோயுள்ள பூச்சியின் சாற்றை நோயற்ற பூச்சிக்கு ஊசிமூலம் செலுத்தி, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று தொடர்ச்சியாக அவர் கடத்திக் காட்டினார்.

குங்கெல் தமது பிற்கால ஆய்வுகளில், ஆஸ்டர் மஞ்சள் நோய்க்காரணியின் வகைகளை ஒப்பிட்டார். கலிபோர்னியாவில் செலரியைத் தாக்கும் வகை நியூயார்க்கின் வகையிலிருந்து வேறுபட்டது என்று 1932இலேயே காட்டியிருந்தார். ஒரு வகையை ஏற்ற செடி மற்றொரு வகையின் தாக்குதலிலிருந்து பாதுகாப்புப் பெறுவதையும், இத்தகைய பாதுகாப்பு பூச்சியின் உடலிலும் நிகழ்வதையும் 1955இல் விளக்கினார். வெப்பநிலை மட்டுமன்றி, முன்னரே குடியேறியுள்ள நுண்ணுயிரியும் பூச்சியினுள் உள்ள சூழலின் ஒரு பகுதியே என்பது இதன் சாரமாகும்.

மக்காச்சோளக் குட்டை நோய்

1940களில் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் டெக்சாசின் ரியோ கிராண்டி பள்ளத்தாக்கிலும் மக்காச்சோளச் செடிகள் குட்டையாகி, இலைகள் மஞ்சளாகவும் செந்நிறமாகவும் மாறி, கதிர்கள் மணி பிடிக்காமற் போகும் நோய் பதிவு செய்யப்பட்டது. இந்நோயை டால்புலஸ் மெய்டிஸ் என்னும் மக்காச்சோளத் தத்துப்பூச்சி கடத்துகிறது என்று குங்கெல் 1946இல் அறிவித்தார். இதனையும் அவர் வைரஸ் நோய் என்றே கருதினார்.

மறைவும் பின்வந்த கண்டுபிடிப்பும்

குங்கெல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக இருந்தார். பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடப் பணிகள் நியூயார்க்கிற்கு மாற்றப்பட்ட பின்னர் அங்கும் ஆய்வைத் தொடர்ந்தார். 1960 மார்ச் 20 அன்று தமது 75 ஆவது வயதில் காலமானார்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1967இல், டோய், தெரனாகா, யோரா, அசுயாமா ஆகிய ஜப்பானிய அறிவியலாளர்கள் முசுக்கொட்டைக் குட்டை நோய், ஆஸ்டர் மஞ்சள் நோய் முதலியவற்றால் தாக்கப்பட்ட செடிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். உணவு கடத்தும் புளோயம் திசுவில் செல்சுவரற்ற நுண்ணிய பாக்டீரியாக்களைக் கண்டனர். டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி முசுக்கொட்டைக் குட்டை நோயின் அறிகுறிகளை அடக்கியதும் அவ்வாண்டே தெரியவந்தது. வைரஸ்களை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாதிப்பதில்லை. எனவே பல பத்தாண்டுகளாக வைரஸ் நோய்களாக எண்ணப்பட்டவை பாக்டீரிய நோய்கள் என்பது உறுதியானது. இவ்வுயிரிகளுக்குப் பைட்டோபிளாஸ்மா என்னும் பெயர் 1994இல் ஏற்கப்பட்டது.

மக்காச்சோளக் குட்டை நோயின் காரணி சுருள் வடிவில் நெளிந்து நகரும் மற்றொரு செல்சுவரற்ற பாக்டீரியா என்று 1972இல் கண்டறியப்பட்டது. 1975இல் அதனை ஆய்வகத்தில் வளர்த்தனர். 1986இல் அதற்கு ஸ்பைரோபிளாஸ்மா குங்கெலீ என்று பெயரிடப்பட்டது.

குங்கெல் நோய்க்காரணிக்கு இட்ட பெயர் தவறாயினும், அவர் அளந்தவை தவறாகவில்லை. காத்திருப்புக் காலம், வெப்பத்தால் நீங்குதல், எஞ்சியது மீளப் பெருகுதல் ஆகிய மூன்றும் உயிருள்ள பாக்டீரியாவுக்குப் பொருந்துவனவாகவே அமைந்தன.

பிற்கால ஆய்வுகளில் குங்கெலின் தாக்கம்

பைட்டோபிளாஸ்மா பூச்சியின் குடற்சுவரைக் கடந்து, உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைந்து பெருகிய பின்னரே புதிய செடிக்குச் செல்கிறது என்பது இன்று அறியப்பட்டுள்ளது. குங்கெல் கண்ட 10 நாள் இடைவெளி இப்பயணத்திற்கான காலமாகும். பாக்டீரியாவுக்கு ஏற்ற வரம்புக்குள் வெப்பநிலை உயரும்போது இக்காலம் சுருங்குகிறது. வரம்பு கடந்தால் பாக்டீரியா நலிகிறது. ஆகவே வெப்பம் என்பது நோயைக் கூட்டுவதும் குறைப்பதுமாகிய இருமுகக் காரணியாகும்.

2004இல் வெங்காய மஞ்சள் நோய்ப் பைட்டோபிளாஸ்மாவின் மரபணுத்தொகை வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 8 லட்சத்து 60 ஆயிரம் கார இணைகளை மட்டுமே கொண்ட அதில், பிற உயிர்களில் ஆற்றல் உருவாக்கும் நொதிக்கான மரபணுக்கள்கூட இல்லை. தனக்கு வேண்டியவற்றுக்குச் செடியையும் பூச்சியையும் சார்ந்து வாழும் இத்தகைய உயிரி, அவ்வுடல்களின் நிலை மாறினால் பாதிக்கப்படுவதில் வியப்பில்லை.

குங்கெல் பயன்படுத்திய அதே ஆஸ்டர் தத்துப்பூச்சியில், நோய் விளைவிக்காத வேறு இரு பாக்டீரியாக்களும் நிலையாகக் குடியிருக்கின்றன. சுல்சியா, நாசுயியா எனப்படும் இவை, செடிச்சாற்றில் போதிய அளவு கிடைக்காத அமினோ அமிலங்களைப் பூச்சிக்கு அளிக்கின்றன. 2013இல் வெளியான நாசுயியாவின் மரபணுத்தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 12 ஆயிரம் கார இணைகளை உடையது. அதுவரை அறியப்பட்ட பாக்டீரிய மரபணுத்தொகைகளுள் அதுவே மிகச் சிறியது.

ஸ்பைரோபிளாஸ்மா குங்கெலீயைத் தாங்கிய மக்காச்சோளத் தத்துப்பூச்சிகள், அதனைத் தாங்காதவற்றை விடக் குளிர்காலத்தை நன்கு தாக்குப்பிடிக்கின்றன என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. சூழல் பாக்டீரியாவைப் பாதிப்பது போலவே, பாக்டீரியாவும் பூச்சி சூழலைத் தாங்கும் திறனை மாற்றக்கூடும் என்பது இதனால் தெரிகிறது.

இவ்வறிவின் தேவை குறையவில்லை. 2012இல் வட அமெரிக்காவில் முன்கூட்டியே வந்த வெப்பமான இளவேனிலில், தெற்கிலிருந்து காற்றோடு வந்த தத்துப்பூச்சிகள் பூண்டு, கனோலா பயிர்களில் ஆஸ்டர் மஞ்சள் நோயைப் பெருமளவில் பரப்பின. 2023-24 பருவத்தில் அர்ஜென்டினாவில் மக்காச்சோளத் தத்துப்பூச்சிகள் பெருகி, குட்டை நோயால் அந்நாட்டு மக்காச்சோள விளைச்சல் கடுமையாகக் குறைந்தது. பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் கடுங்குளிர் முந்தைய பருவத்தில் இல்லாமற் போனது இதற்கு ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டிலும் இவ்வகை நோய்கள் உள்ளன. கத்தரியின் சிற்றிலை நோயைச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. எம். தாமஸ், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகியோர் 1939இல் விவரித்தனர். எள்ளின் பூக்கள் பச்சை இலைகளாக மாறும் நோயும், கரும்பு மெலிந்து புல்லைப் போலத் தூர்விடும் நோயும் பைட்டோபிளாஸ்மாக்களால் உண்டாகுபவையே. நடவுக்கு முன்னர் கரும்பின் விதைக்கரணைகளுக்கு வெப்பச் சிகிச்சை அளிப்பது, செடி தாங்கும் வெப்பத்தை அதனுள் வாழும் நோய்க்காரணி தாங்குவதில்லை என்னும் குங்கெலின் சோதனைகள் காட்டிய அதே அடிப்படையில் அமைந்ததாகும்.